பத்தோடு நிற்காத மூச்சு

பிரிக்ஃபீல்ட்ஸ்,
16 மார்ச் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

மாதவியின் வணக்கம். நீங்களும் அண்ணனும் சுகம்தானே? எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. வாய் அதைவிட நன்றாக இருக்கிறது.

தபால்காரரைப் பார்த்ததும் வேனுக்குச் சம்மன் வந்துவிட்டது என்று பதறியிருப்பீர்கள். சம்மன் இல்லை, நான்தான். கிள்ளானுக்கு ஒரு மணி நேர ரயில், இவளுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். நான் போகும் தியான வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். கைப்பேசியை அலமாரியில் பூட்டிவிட்டு, மனதுக்கு நெருக்கமான ஒருவருக்குக் கையால் எழுத வேண்டும். எழுதுகிற நேரம் மனம் ஒரே இடத்தில் நிற்குமாம். யாருக்கு என்று யோசித்தபோது உங்கள் முகம்தான் வந்தது.

காரணம் இருக்கிறது. போன ஞாயிறு அமுதவள்ளியின் வளைகாப்பில் உங்கள் கையில் இருந்த வளையல் தட்டு கடகடவென்று ஆடியதை நான் பார்த்தேன். அடுப்படிக்குள் இழுத்துப் போய்க் கேட்டதற்கு என்ன சொன்னீர்கள்? "தூக்கமே இல்லடி. ஒரு எடத்துல உக்கார முடியல. ஸ்டீரிங்கப் புடிச்சா கை நடுங்குது. இப்படியே போனா வேன வித்துட வேண்டியதுதான்." பன்னிரண்டு வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறவர். அந்த வேன் இல்லாமல் உங்களை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அதனால் இன்றிலிருந்து நான் உங்கள் வாத்தியார். முதல் பாடம் சுலபம். காலையில் முதுகை நிமிர்த்தி உட்காருங்கள். கண்ணை மூடுங்கள். மூச்சு வெளியே போகும்போது ஒன்று, மறுபடி போகும்போது இரண்டு என்று பத்து வரை எண்ணுங்கள். பத்து வந்ததும் திரும்ப ஒன்று. அவ்வளவுதான்.

அண்ணனை ரொம்பத் திட்டாதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் செல்ல நாத்தனார்,
மாதவி


கிள்ளான்,
27 மார்ச் 2025

அன்புள்ள மாதவிக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் சுகத்துக்கு எந்தக் குறையும் இல்லை என்று உன் கையெழுத்தே சொல்கிறது.

நீ சொன்னபடி செய்தேன் அம்மா வாத்தியாரே. உன் அண்ணன் எட்டிப் பார்த்து, "என்ன, பாத்ரூம் வரலியா?" என்று கேட்டார். அதை விடு. பத்து வரை எண்ணச் சொன்னாய். எனக்குப் பத்தோடு நிற்கவில்லை. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்று போய்விடுகிறது. என் வேனில் பதின்மூன்று பிள்ளைகள். அந்தப் பழக்கம்தான், வேறொன்றும் இல்லை. பதின்மூன்று வந்ததும் திரும்ப முதலிலிருந்து எண்ண வேண்டும் போல் ஒரு பரபரப்பு. எழுந்து போய் வேனைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வந்து உட்கார முடிகிறது.

கண்ணை மூடுவதும் எனக்குச் சரிப்படவில்லை. கண்ணைத் திறந்து வைத்துச் செய்கிற தியானம் ஏதாவது இருந்தால் சொல்.

இங்கே நோன்பு மாதம் முடியப் போகிறது. என் வேனில் வருகிற நிசா என்ற ஐந்து வயதுக் குட்டியின் அம்மா, நுஸைபா என்று பெயர், துணிக்கடை வைத்திருக்கிறாள். சாயங்காலமானால் ஒரு தூக்கு நிறைய நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புகிறாள். "என் புள்ளைய சொந்தப் புள்ள மாதிரி பாத்துக்குறீங்கக்கா" என்கிறாள். உன் அண்ணன் வழித்துக் குடிக்கிறார். எனக்கு இறங்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். மழையில் நனையாதே.

அன்புடன்,
லோகேஸ்வரி


பிரிக்ஃபீல்ட்ஸ்,
3 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் நலமறிந்து பாதி நிம்மதி. நோன்புப் பெருநாள் விடுமுறையில் இந்தப் பக்கம் தெருக்கள் காலியாக இருந்தன. நான் நன்றாகத் தூங்கி எழுந்தேன்.

கண்ணைத் திறந்துகொண்டா? அதற்கும் வழி இருக்கிறது. ஒரு காமாட்சி விளக்கை ஏற்றி, கண் உயரத்தில் வைத்து, இமைக்காமல் சுடரையே பாருங்கள். கண்ணில் நீர் வந்தால் வரட்டும். அது ஒத்துவரவில்லை என்றால் நூற்றெட்டு முறை முருகன் பெயரைச் சொல்லுங்கள். மணி மாலை ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். விரல் ஒவ்வொரு மணியாகத் தள்ளிக்கொண்டே போகும்போது மனம் பின்னாலேயே வந்துவிடுமாம்.

எங்கள் வகுப்பில் லெட்சுமி என்று ஒரு அக்கா சொன்னார்: "செருப்பு மாதிரிதாம்மா தியானம். அடுத்தவங்க அளவு நமக்குக் கடிக்கும்." ஆகவே நாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்போம். ஏதாவது ஒன்று பொருந்தாமலா போகும்?

பிறகு, கஞ்சி இறங்கவில்லை என்று எழுதியிருந்தீர்களே. நோன்புக் கஞ்சிக்கு உயிரை விடுகிறவர் நீங்கள். வயிற்றில் ஏதாவது கோளாறா? டாக்டரைப் பாருங்கள்.

அண்ணனுக்கு என் அன்பு.

மாதவி


கிள்ளான்,
20 ஏப்ரல் 2025

மாதவிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என நம்புகிறேன்.

விளக்கைப் பார்த்தேன். சூடாக இருந்தது. அந்தச் சூடு முகத்தில் படுவது எனக்குப் பிடிக்கவில்லை, அணைத்துவிட்டேன். மாலையையும் உருட்டினேன். நூற்றெட்டில் எத்தனை பதின்மூன்று என்று மனம் கணக்குப் போடுகிறது. எட்டு பதின்மூன்று நூற்றுநான்கு, நான்கு மணி மிச்சம். அந்த நான்கு யார், எங்கே விட்டேன் என்று ஒரு பயம். சிரிக்காதே.

காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்ததும் ஐந்து தடவையாவது வேனுக்குள் ஏறிப் பார்த்துவிட்டு வருகிறேன். உன் அண்ணன் கேட்டால் துடைக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வாரம் வருகிறேன் என்று அண்ணனிடம் போனில் சொன்னாயாம். வராதே. எனக்கு நேரம் இல்லை. கோபத்தில் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

லோகேஸ்வரி


பிரிக்ஃபீல்ட்ஸ்,
27 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். சுகமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

வராதே என்றால் வர மாட்டேன். ஆனால் என் கையையும் காலையும் கட்டிப் போட்ட மாதிரி இருக்கிறது. உட்கார்ந்தால்தானே இத்தனை தொல்லை? நடந்து பாருங்கள். நான் சனிக்கிழமை பக்கத்து விகாரையில் நடைத் தியானம் பழகினேன். இருபது அடி போய்த் திரும்பி இருபது அடி வர வேண்டும். குதிகால் பதிகிறது, பாதம் பதிகிறது, விரல் பதிகிறது. வேறு எதையும் எண்ண வேண்டாம். என் முன்னால் நடந்த சீனத்து ஆன்டி நத்தையைவிட மெதுவாகப் போனார். எனக்கு ஹாரன் அடிக்கலாமா என்று வந்தது. நான் இப்படித்தான் அண்ணி, ஒன்றிலும் முழுதாக நிற்காதவள். நீங்களாவது நில்லுங்கள்.

வேனுக்குள் எதற்கு ஐந்து தடவை? எதைத் தேடுகிறீர்கள்?

உடனே பதில் போடுங்கள். நன்றாகச் சாப்பிடுங்கள்.

மாதவி


பிரிக்ஃபீல்ட்ஸ்,
18 மே 2025

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். மூன்று வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் செய்தால் அண்ணன் எடுத்து, "அவ வேன்ல இருக்கா" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை வேனில் என்ன வேலை?

நான் ஏதாவது தவறாகக் கேட்டுவிட்டேனா? இந்தத் தடவை எந்தப் பயிற்சியும் எழுதவில்லை. உங்களுக்கு என்ன நடந்தது என்று மட்டும் எழுதுங்கள். திட்டி எழுதினாலும் சரி.

உங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் போதும்.

மாதவி


கிள்ளான்,
1 ஜூன் 2025

அன்புள்ள மாதவிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. வேன் வாசலில் நிற்கிறது. எழுதுகிறேன். இடையில் நிறுத்தினால் மறுபடி எழுத மாட்டேன், அதனால் அடித்தல் திருத்தலைப் பொறுத்துக்கொள்.

மார்ச் ஐந்தாம் தேதி, புதன்கிழமை. முதலில் பெரிய பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிட்டு, கடைசியாகப் பாலர் பள்ளிக்குப் போவேன். சின்னப் பிள்ளைகளின் பைகளை எல்லாம் என் பக்கத்து சீட்டில் அடுக்கி வைப்பது என் வழக்கம். பிள்ளைகள் ஆடுவார்கள், ஓடுவார்கள், தலையை எண்ண முடியாது. பையை எண்ணலாம். பக்கத்து சீட் காலியானால் வேன் காலி. பன்னிரண்டு வருடமாக இதுதான் என் கணக்கு. ஒரு நாளும் தவறியதில்லை.

அன்று நிசா வீட்டில் அடம் பிடித்து விடியுமுன் எழுந்து, பெரியவர்களோடு சஹர் சாப்பிட்டு நோன்பு வைத்திருக்கிறாள். தூக்கம் போதவில்லை. கடைசி சீட்டில் சுருண்டு படுத்துவிட்டாள். அவள் கூட்டாளி உமா இரண்டு பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். அது ஐந்து வயதுப் பிள்ளையின் நல்ல மனது. நான் பக்கத்து சீட்டைப் பார்த்தேன். காலி. கதவைச் சாத்தினேன்.

பாசார் பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடியை எல்லாம் ஏற்றிப் பூட்டிவிட்டு மீன் வாங்கப் போனேன். மீன்காரரோடு பேச்சு. தெரிந்தவர்களோடு பேச்சு. ஒரு கோப்பி. திரும்பி வரும்போது முப்பத்தைந்து நிமிடம்.

கதவைத் திறந்ததும் அனல் அடித்தது. நிசா எழுந்து உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்து, முடியெல்லாம் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. அவள் அழக்கூட இல்லை மாதவி. என்னைப் பார்த்து, "ஆன்டி, ஸ்கூல் வந்துருச்சா?" என்று கேட்டாள்.

தூக்கி வெளியே கொண்டுவந்து மடியில் போட்டேன். தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்தால் குடிக்க மாட்டேன் என்கிறாள். "நான் நோன்பு." நான் கெஞ்சினேன். "சின்னப் புள்ளைங்க குடிக்கலாம்டா, ஒண்ணும் இல்ல, குடி." குடித்தாள். பாட்டில் முழுதும் குடித்தாள். பிறகுதான் அழுதாள். "உம்மாகிட்ட சொல்லாதீங்க ஆன்டி, நான் தண்ணி குடிச்சேன்னு." அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரிடா கண்ணு, ரெண்டு பேரும் யார்கிட்டயும் சொல்ல வேணாம்."

எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது பார். முகம் துடைத்து, தலை சீவி, பாலர் பள்ளியில் கொண்டுபோய் விட்டேன். தூங்கிவிட்டாள், எழுப்ப நேரமாயிற்று என்று டீச்சரிடம் சொன்னேன். டீச்சர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

இதுதான் நீ மூச்சை எண்ணச் சொன்ன ஆள். கண்ணை மூடினால் அந்த நனைந்த முடிதான்.

போன புதன்கிழமை நுஸைபா என்னை நிறுத்திப் பேசினாள். நிசா இரண்டு மாதமாகப் பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லையாம். பாட்டில் கொண்டுபோன மாதிரியே நிறைந்து திரும்பி வருகிறதாம். நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சல் வந்து, கிளினிக்குக்கு இரண்டு தடவை போய்விட்டார்கள். ஏன் என்று கேட்டால் வாயைத் திறப்பதில்லையாம். "ஒங்ககிட்டதான்க்கா அவளுக்குப் பிரியம். நீங்க கொஞ்சம் கேட்டுப் பாருங்களேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் சரி என்று தலையாட்டிவிட்டு வேனை எடுத்தேன். பத்தாம் தேதி பள்ளி திறக்கிறது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

நீ சுகமாக இரு.

லோகேஸ்வரி


பிரிக்ஃபீல்ட்ஸ்,
4 ஜூன் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நலம் விசாரிப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது. அதை மறைக்காமல் முதலில் எழுதிவிடுகிறேன். கடிதத்தை மேசைமேல் வீசிவிட்டுக் கீழே இறங்கி, மோனோரயில் பாலத்தின் அடியில் இரண்டு சுற்று நடந்தேன். குதிகால், பாதம், விரல் என்று எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ற ஒன்றுதான். மேலே வந்து மறுபடி படித்தபோது உங்களை நினைத்து அழுதேன். இதைத் தனியாகச் சுமந்துகொண்டா அன்று வளையல் தட்டும் சுமந்தீர்கள்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்களுக்கு இத்தனை பயிற்சி எழுதினேனே, அதில் ஒன்றையும் நான் பத்து நிமிடம் ஒழுங்காகச் செய்ததில்லை. உங்களுக்கு எழுதியே என் நேரத்தை ஓட்டினேன். வாத்தியார் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

பள்ளி திறக்குமுன் போய்ச் சொல்லுங்கள் அண்ணி. உங்கள் தூக்கத்துக்காகச் சொல்லவில்லை. அந்தக் குழந்தைக்கு வாயைத் திறக்க உங்கள் அனுமதி வேண்டும். நீங்கள்தானே பூட்டினீர்கள்?

வேன் போகலாம். அண்ணன் கத்துவார். போலீஸ்கூட வரலாம். எதுவானாலும் நான் வந்து கூட நிற்கிறேன். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டேன். வராதே என்று எழுதாதீர்கள், இந்தத் தடவை கேட்க மாட்டேன்.

தண்ணீர் குடியுங்கள். எதையாவது சாப்பிடுங்கள்.

மாதவி


கிள்ளான்,
22 ஜூன் 2025

அன்புள்ள மாதவிக்கு,

நலமாக வீடு போய்ச் சேர்ந்தாய் என்று தெரிந்து சந்தோஷம். இங்கே இருவரும் உயிரோடு இருக்கிறோம்.

அன்று நீ நுஸைபாவின் வாசலில் நின்றுகொண்டாய். உள்ளே நடந்ததைக் கேட்டாய், ரயில் ஏறும்வரை என்னால் பேச முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

ஹஜ்ஜுப் பெருநாளின் மூன்றாம் நாள் அல்லவா, பலகாரத் தட்டை என் முன்னால் வைத்தாள். அதைத் தள்ளி வைத்துவிட்டு, மார்ச் ஐந்தாம் தேதி என்று ஆரம்பித்து, அவள் தண்ணீர் குடித்ததுவரை சொன்னேன். ஒரு சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

"எத்தன நிமிசம்?" என்று கேட்டாள்.

"முப்பத்தஞ்சு."

"கண்ணாடி?"

"மூடியிருந்துச்சு."

அவள் என்னைத் திட்டவில்லை. எழுந்து போய் நிசாவை அழைத்து வந்தாள். "அன்னைக்கு வேன்ல தண்ணி குடிச்சியாமா?" என்று கேட்டாள். பிள்ளை அம்மாவைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள். நான் சொல்வேனா மாட்டேனா என்று பார்த்தாள் மாதவி. அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "சொல்லுடா கண்ணு, சொல்லலாம். ஆன்டி சொல்லிட்டேன். ஆன்டி செஞ்சதுதான் தப்பு" என்றேன்.

"ஒரு நாள்தான் உம்மா ஒடச்சேன்" என்றாள். "அதத்தான் திருப்பிப் புடிக்கிறேன்."

எங்களுக்கு முதலில் புரியவில்லை. பிறகு நுஸைபாதான் துருவித் துருவிக் கேட்டாள். நோன்பு மாதத்தில் விட்டுப்போன நாட்களைப் பெரியவர்கள் பெருநாள் கழிந்து நோன்பு பிடித்து ஈடு செய்வார்களாம். அம்மாவும், சாச்சி என்று இவள் கூப்பிடும் சித்தியும் அப்படிப் பிடித்ததை இவள் பார்த்திருக்கிறாள். தானும் உடைத்ததைப் பிடிக்க வேண்டும், ஆனால் யாருக்கும் தெரியக் கூடாது. அதனால் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பள்ளியில் மட்டும் பிடித்திருக்கிறாள். எத்தனை நாள் பிடித்தால் தீரும் என்று யாரிடம் கேட்பாள்? கேட்டால் தண்ணீர் குடித்தது தெரிந்துவிடுமே. இரண்டு மாதம், ஐந்து வயதுப் பிள்ளை.

நுஸைபா அவளை வாரி மடியில் போட்டுக்கொண்டாள். முடியைக் கோதிக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னாள். "நீங்க கெளம்புங்க."

அக்கா என்று சொல்லவில்லை. கிளம்பினேன்.

மற்றப் பெற்றோர்களுக்கும் நானே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். ஐந்து பேர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். அவள் செய்ததில் தவறில்லை. நிசா வருவதில்லை. மீதம் ஏழு பேர். உன் அண்ணன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வேனின் கடைசி சீட்டுக்குப் பின்னால் ஒரு மணியைப் பொருத்திக் கொடுத்தார். இஞ்சினை அணைத்ததும் அடிக்க ஆரம்பிக்கும். பின்னால் வரை நடந்து போய் அமுக்கினால்தான் நிற்கும். அதைச் செய்துவிட்டு, "சோறு போடு" என்றார்.

நுஸைபா போலீசுக்குப் போவாளா என்று கேட்டிருந்தாய். தெரியவில்லை. போனால் நடந்ததை நடந்தபடி சொல்வேன்.

உனக்குச் சளி பிடித்திருந்ததே, இப்போது தேவலையா?

லோகேஸ்வரி


கிள்ளான்,
13 ஜூலை 2025

அன்புள்ள மாதவிக்கு,

உன் கடிதம் வந்தது. சளி விட்டது அறிந்து மகிழ்ச்சி. நான் நன்றாகத் தூங்குகிறேன் என்று எழுதினால் பொய். சில நாள் தூங்குகிறேன். கை நடுக்கம் குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. வேனை விற்கவில்லை. இந்த ஏழு பேரை வைத்து ஓட்டுகிறேன்.

வேறு பயிற்சி ஏதும் வேண்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறாய். வேண்டாம். நான் இப்போது ஒன்று செய்கிறேன், அதற்கு உங்கள் வகுப்பில் என்ன பெயரோ தெரியாது. கடைசிப் பிள்ளை இறங்கியதும் எல்லாக் கதவையும் திறந்து விடுகிறேன். பின்னால் நடந்து போய் மணியை நிறுத்துகிறேன். பிறகு அந்தக் கடைசி சீட்டிலேயே உட்கார்ந்துகொள்கிறேன், கண்ணைத் திறந்தபடி. சீட்டுகளைப் பார்க்கிறேன். கீழே கிடக்கிற பென்சிலைப் பார்க்கிறேன். எதையும் விரட்டுவதில்லை. நிசாவின் முகம் வந்தால் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஐந்து நிமிடம் இருக்கும். அதற்குமேல் உட்கார முடிவதில்லை, எழுந்துவிடுகிறேன். இதில் அமைதி இருக்கிறதா என்று கேட்காதே. ஆனால் இந்த இடத்திலிருந்து எனக்கு ஓட வேண்டும் போல் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் அப்படி உட்கார்ந்திருந்தபோது கைப்பேசியில் செய்தி வந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு நுஸைபாவிடமிருந்து. திறக்கவே கை வரவில்லை. போலீஸ் என்றுதான் நினைத்தேன்.

அதில் இவ்வளவுதான் இருந்தது: "இன்னிக்கு பாட்டில் காலியா வந்துச்சுக்கா."

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி,
லோகேஸ்வரி